ரப்பர் பிடி போட்ட கைத்தடியைப் பாட்டி தொடவே மாட்டேன் என்கிறார். இது பண்பாடா, பழக்கமா?

சிப்புட்_பட்டறை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் பொருள் வடிவமைப்பு படித்தேன். கோலாலம்பூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அப்பாவின் பழைய சைக்கிள் பட்டறையில் முதியவர்களுக்கான சாமான்கள் செய்கிறேன். குளியலறைக் கைப்பிடி, உயரமான மணை, கைத்தடி, இப்படி. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கும் பெரியவர்கள் பலர் ரப்பர் தோட்டத்து லயங்களிலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) வந்தவர்கள். பால்மரம் (ரப்பர் மரம்) போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்தை விட்டு வெளியே வந்தார்கள்.

இந்த வருடம் ஒரு கைத்தடி வடிவமைத்தேன். அலுமினியத் தண்டு, மேலே டி வடிவப் பிடி. பிடியைச் சுற்றி டிபிஇ, அதாவது ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கிற பிளாஸ்டிக். ஈப்போவில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அச்சு எடுத்து 200 பிடிகள் வார்த்து வாங்கிவிட்டேன். சேமிப்பில் பெரும்பகுதி அதில்தான் போனது.

எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் சொல்லித் தரும் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவரின் மனைவிக்கு மூட்டுவாதம். சமையலறையில் காய் சீவியைப் பிடிக்க முடியாமல் அவர் கஷ்டப்படுவதைப் பார்த்துத்தான், தடித்த கறுப்பு ரப்பர் பிடியோடு 1990இல் ஆக்சோ சாமான்கள் வந்தன. அந்தப் பிடி சான்டோப்ரீன் என்கிற பொருளில் செய்தது. வலியெடுத்த கைக்கு மெத்தென்ற பிடிதான் இதம் என்பதை நான் அப்படியே நம்பினேன்.

முதல் தடியைப் பாட்டியிடம் கொடுத்தேன். பாட்டிக்கு 78 வயது. பதினாறு வயதில் உளி பிடித்தவர், 31 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியிருக்கிறார். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. தடியை வாங்கினார். பிடியை ஒரு முறை அழுத்தினார். உடனே விட்டுவிட்டு உள்ளங்கையைக் கைலியில் இரண்டு தரம் துடைத்தார். துடைத்த கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். கையில் ஒன்றுமே ஒட்டவில்லை, பிடி புத்தம் புதுசு. "ஒட்டுப்பால் மாதிரி இருக்கு, வேணாம்மா" என்றார். மரத்திலும் கோப்பையிலும் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் ரப்பர் பாலைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

நான் விடவில்லை, ஒரு வாரம் வைத்துப் பழகிப் பாருங்கள் என்றேன். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் பிடி முழுக்கப் பழைய கைலித் துணியைக் கிழித்துச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். பக்கத்து லைனில் இருக்கும் இன்னும் மூன்று பாட்டிகளிடம் கொடுத்தேன். இரண்டு பேர் அதே மாதிரி முகம் சுளித்தார்கள். கடைத்தெருவில் மளிகைக் கடை நடத்திய சீனத் தாத்தாவுக்கு மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது. விலை கேட்டு, இரண்டு வாங்கிக்கொண்டார்.

என் கேள்வி இதுதான். ஒரு பொருளைத் தொட்டதும் மனதில் எழும் பிடிக்கும், பிடிக்காது என்பது பண்பாட்டோடு வருகிறதா? தமிழர்களுக்கு ஒரு விதம், சீனர்களுக்கு ஒரு விதம் என்று எடுத்துக்கொண்டு வடிவமைக்க வேண்டுமா? அல்லது எங்கள் பாட்டிகளுக்கு மட்டும் உள்ள விஷயமா? இந்த 200 பிடிகளை என்ன செய்வது என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

---

பழைய_நிரை எழுதியது:

தங்கச்சி, நானும் பால் வெட்டினவன். 22 வருடம். உன் பாட்டி கையை மோந்து பார்த்தார் என்று படித்ததும் என் கையை நானே ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

படித்தவர்கள் ரப்பர் என்றால் டயர், செருப்பு, அழிப்பான் என்று நினைப்பார்கள். எங்களுக்கு ரப்பர் என்றால் கையில் ஒட்டுவது. விடியுமுன்னே மரத்தடியில் நிற்போம். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும், அதனால்தான் இருட்டில் வேலை. உளியை வைப்பதற்கு முன், முந்தின வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் பாலை விரலால் உரித்து எடுக்க வேண்டும். மங்கில், பால் வடியும் கோப்பையில், கிடக்கும் ஒட்டுப்பாலையும் எடுத்துப் பையில் போட வேண்டும். ஒரு நாளைக்கு என் நிரையில், அதாவது எனக்கு ஒதுக்கிய வரிசையில், 450 மரம். அத்தனை மரத்திலும் முதலில் தொடுவது அந்தப் பிசுபிசுப்பைத்தான். பால் கையில் பட்டால் முதலில் ஈரம், அப்புறம் பசை, அப்புறம் தோல் மாதிரி காய்ந்து இழுக்கும், கடைசியில் கறுத்துப்போகும். முடியில் பட்டால் கத்தரிக்கோல்தான். ஒட்டுப்பால் மூட்டையைத் தோளில் சுமந்துவிட்டு வந்தால் அந்த வாடை சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். என் மனைவி எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துக் கழுவச் சொல்வாள். அதற்கும் போகாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். என் உளிப்பிடியில் நானே சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தேன். அதுவும் ரப்பர்தான். அதைப் பிடிக்காமல் எனக்கு வேலையே ஓடாது. வேர்வையில் வழுக்காது, காய்ந்த கைக்குச் சொரசொரப்பாகப் பிடி கொடுக்கும். ஆயுத பூஜைக்கு உளியைக் கழுவிச் சந்தனம் வைத்தபோதும் அந்த டியூப்பைக் கழற்றியதில்லை. ஆகவே உன் பாட்டிக்கு ரப்பர் மேல் கோபம் என்று நினைக்காதே. அந்தப் பிசுபிசுப்பு மேல்தான் கோபம். இரண்டும் வேறு வேறு.

பால் வெட்டு என்பதே தொட்டறியும் வேலைதான். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிந்து வரவேண்டும். பட்டையைச் சீவ வேண்டும், ஆனால் மரத்தைத் தொடக்கூடாது. உள்ளே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டை மிச்சம் இருக்க வேண்டும். கண்ணால் எப்படித் தெரியும், விளக்கு நெற்றியில் ஆடிக்கொண்டிருக்கும். கைக்குத்தான் தெரியும். பட்டை மெலிந்து வரும்போது உளி இழுக்கிற இழுப்பே மாறும். அதைத் தாண்டினால் மரத்தில் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், மறுமுறை வெட்ட முடியாது. கங்காணி (மேற்பார்வையாளர்) காயத்தை எண்ணுவார், கிராணி (தோட்டத்து எழுத்தர்) பேரை எழுதுவார், சம்பளத்தில் பிடிப்பார்கள். முப்பது வருடம் அந்தக் கையை வைத்து வாழ்ந்தவர் உன் பாட்டி. ஒரு பிடியை அழுத்தியதும் அவர் சொன்னதை நீ நம்பலாம்.

---

டிப்பிங்_லைன் எழுதியது:

நான் தைப்பிங் பக்கம் கையுறைத் தொழிற்சாலையில் 14 வருடமாக இருக்கிறேன். முன்பு மரப்பால், இப்போது பெரும்பாலும் நைட்ரில் என்கிற செயற்கை ரப்பர். அக்காவின் கேள்வியில் என் வேலைக்கு நெருக்கமான ஒரு பகுதி இருக்கிறது.

முதலில், பிசுபிசுப்பு பாட்டியின் நினைவில் மட்டும் இல்லை. பொருளிலும் இருக்கிறது. மரப்பால் கையுறையை அப்படியே எடுத்துப் போட்டால் தோலோடு ஒட்டும், ஒன்றோடு ஒன்றும் ஒட்டும். அதற்காகத்தான் முன்பு சோளமாவுத் தூள் தூவினார்கள். தூள் காற்றில் பறந்து மூச்சுக்கும் காயத்துக்கும் கெடுதல் என்று அமெரிக்காவில் 2017 ஜனவரியோடு தூள் போட்ட மருத்துவக் கையுறைகளைத் தடை செய்துவிட்டார்கள். இப்போது குளோரின் தண்ணீரில் அலசி எடுக்கிறோம். மேல்தோல் லேசாக இறுகி, பட்டுப்போல் வழுக்கிக்கொண்டு கைக்குள் போகும். உள்ளே இருப்பது அதே ரப்பர். மாறியது மேற்பரப்பு மட்டும்.

அப்புறம், அக்கா, பாட்டி முழங்காலுக்கு என்ன தேய்க்கிறார்? கேட்டுச் சொல்லுங்கள். தைலமோ, மின்யாக் அங்கின் என்கிற மருந்தெண்ணெயோ, தலைக்குத் தேங்காய் எண்ணெயோ தேய்த்த கையோடு பிடியைப் பிடித்தால், மலிவான டிபிஇ வகைகள் பல எண்ணெயை உறிஞ்சி உப்பிவிடும். மேலே கொழகொழவென்று ஆகும். டிபிஇயை மிருதுவாக்குவதற்கே உள்ளே எண்ணெய் சேர்க்கிறார்கள், அதுவும் மெல்ல மேலே கசியும். வெல்வெட் மாதிரி இருக்கட்டும் என்று மேலே மிருதுப் பூச்சு அடித்திருந்தால் இன்னும் மோசம். அந்தப் பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்து பசையாகும். பழைய கேமரா, பழைய டார்ச் லைட் எல்லாம் அலமாரியில் இருந்தபடியே ஒட்ட ஆரம்பிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது சீக்கிரமே நடக்கும். குளிர் நாட்டில் பத்து வருடம் நல்லபடியாக இருக்கிற பிடி இங்கே இரண்டு மழைக்காலத்தில் ஒட்டுப்பால் ஆகிவிடும்.

அடுத்த முறை வார்க்கும்போது இன்னும் கெட்டியான, எண்ணெய் தாங்கும் வகையைக் கேளுங்கள். அச்சின் உட்புறத்தை மினுமினுப்பாக வைக்காமல் மணல் அடித்துச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். பளபளத்த அச்சிலிருந்து வருகிற பிடி தோலோடு முழுப் பரப்பும் ஒட்டும், சொரசொர அச்சிலிருந்து வருவது நுனி நுனியாக மட்டும் தொடும். கைக்கு உடனே உலர்ந்த மாதிரி தோன்றும்.

---

வார்டு_அக்கா எழுதியது:

ஈப்போவில் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், ஆனால் "தமிழர்களுக்கு ஒரு விதம், சீனர்களுக்கு ஒரு விதம்" என்ற வரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பி, தங்கச்சிகளே, தோட்டத்தில் தமிழர்கள் மட்டுமா பால் வெட்டினார்கள்? சிறுதோட்டம் வைத்திருந்த சீனக் குடும்பங்கள் பேராக் மாநிலம் முழுக்க இருந்தன, மலாய்க் கம்பத்துச் சிறுதோட்டங்களும் உண்டு. என் வார்டில் ஒரு சீனப் பாட்டி இருந்தார். நடைச்சட்டத்தின் ரப்பர் பிடி மீது முகம் துடைக்கும் துண்டைப் போட்டுத்தான் பிடிப்பார். ஏன் என்று கேட்டேன். தம் பெற்றோருடைய ரப்பர் நிலத்தில் சிறு வயதிலிருந்து பால் எடுத்தவர். அவர் உன் பாட்டியைத்தான் ஒத்திருக்கிறார், மளிகைக் கடைத் தாத்தாவை இல்லை. அந்தத் தாத்தா வாழ்நாள் முழுக்க அரிசியும் சாக்கும் தராசும் தொட்ட கை. அவருக்கு உன் பிடியில் கெட்ட நினைவு ஒன்றும் இல்லை.

பண்பாடு இல்லை என்று சொல்லவில்லை. அது வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டிக்கு இடது முழங்கால்தானே வலி? அப்படியானால் தடி வலது கையில்தான் இருக்க வேண்டும், வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கம். இப்போது கோவிலுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள். ஐயர் திருநீறு தருகிறார். வலது கையில் தடி. இடது கையை நீட்டுவாரா? நீட்டமாட்டார். தடியை இடுக்கிக்கொண்டோ சுவரில் சாய்த்துவிட்டோ வலது கையை நீட்டுவார். அந்த இரண்டு விநாடியில்தான் விழுவார்கள். கல்யாண வீட்டில் மொய் கொடுக்கும்போதும், பேரப்பிள்ளைக்கு அங்பாவ் (பணம் வைத்த உறை) கொடுக்கும்போதும் இதே கதை. என்னிடம் இடுப்பு எலும்பு முறிந்து வந்த ஒரு அம்மா கோவிலில்தான் விழுந்தார். ஆகவே உன் டி வடிவப் பிடியைப் பற்றி முதலில் யோசி. முழங்கையில் மாட்டித் தொங்கவிடுகிற மாதிரி வளைந்த பிடி இருந்தால் இரண்டு கையும் காலியாகும்.

இன்னொன்றும் பார். சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு விரல் மரத்துப்போயிருக்கும். நாங்கள் பாதத்தை 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்போம், பலருக்கு அது பட்டதே தெரியாது. கையிலும் உணர்வு குறையலாம். அவர்களுக்கு ரொம்ப வழவழப்பான பிடி ஆபத்து, பிடித்திருக்கிறோமா நழுவுகிறதா என்றே தெரியாது. தடியின் உயரமும் முக்கியம். செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் இடம்தான் பிடியின் மேல்பக்கம். தாமானில் நான் பார்க்கிற பல தடிகள் இதைவிட உயரம். தோள் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

---

சிப்புட்_பட்டறை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பழைய_நிரை ஐயா, நீங்கள் எழுதியதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். முடியில் பால் பட்ட இடம் வந்ததும் சிரித்துவிட்டார், தனக்கு எந்தப் பக்கம் வெட்டினார்கள் என்று தொட்டுக் காட்டினார். டிப்பிங்_லைன் கேட்ட விஷயம்: தினமும் இரண்டு வேளை தைலம். கைலியில் கையைத் துடைத்துவிட்டுத் தடியை எடுப்பதாகச் சொன்னார். துணியை அவிழ்த்துப் பார்த்தேன். கட்டைவிரல் படும் இடத்தில் பிடி உப்பி, விரல் வைத்தால் மெல்லச் சத்தத்தோடு பிரிகிறது. புதுப் பிடியைப் பிடித்தபோது அவர் கை சொன்னது, ஐந்து நாளில் நிஜமாகவே நடந்துவிட்டது.

கோவில் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. பாட்டியோடு வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவள் நான். தடியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் திருநீறு வாங்குவார். எத்தனையோ முறை அதைக் கையில் வாங்கிப் பிடித்திருக்கிறேன்.

---

தொடுகை_வாத்தியார் எழுதியது:

நான் வடிவமைப்பு சொல்லித்தருகிறேன், பினாங்கில். மேலே எழுதியவர்கள் சொன்னதற்கு மேல் அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் இரண்டு விஷயம்.

தோலில் மெல்லிய நரம்பிழைகள் ஒரு வகை உண்டு. மெதுவாக வருடினால், விநாடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில், தோலின் சூட்டிலேயே வருடினால் அதிகம் துடிக்கும். அம்மா குழந்தையின் முதுகைத் தடவும் வேகம் அது. இவை முடியுள்ள தோலில், முன்கையிலும் முதுகிலும் நிறைய. உள்ளங்கையில் மிக அரிது. ஆனாலும் உள்ளங்கை தொட்ட மாத்திரத்தில் இதமா அருவருப்பா என்று சொல்லிவிடுகிறது. பழகியதும் பட்டதும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பது என் எண்ணம். ஆகவே "மெத்தென்று இருந்தால் எல்லாருக்கும் இதம்" என்று பாடம் நடத்துவதை நான் விட்டுவிட்டேன்.

இரண்டாவது, கேட்கிற மொழி. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் மிட்சுவோ நாகமாச்சி 1970களில் கன்செய் பொறியியல் என்ற முறையைத் தொடங்கினார். பொருளைப் பிடித்தவர் தம் சொல்லில் என்ன சொல்கிறாரோ, அந்தச் சொல்லையே எடுத்து அளவாகவும் பொருளாகவும் மாற்றுவது. மாஸ்டா 1989இல் விட்ட எம்எக்ஸ்-5 காரில் இதைக் கையாண்டது. ஜப்பானியர்களிடம் தொடுகைக்கு இரட்டைச் சொற்கள் ஏராளம். "பெத்தபெத்த" என்றால் நம் பிசுபிசு. "ஸரஸர" என்றால் ஈரமில்லாத வழவழப்பு. காதுக்கு நம் "சரசர" போலவே இருக்கிறது, ஆனால் நமக்கு அது சருகும் புடவையும். ஆகவே சொல்லை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிவைத்தால் ஏமாந்துபோவோம்.

நம்மிடம் என்ன குறை? பிசுபிசு, கொழகொழ, நொளநொள, வழவழ, மொழுமொழு, சொரசொர, மொரமொர, கதகத. ஒவ்வொன்றும் வேறு. உங்கள் பட்டறையில் "சாஃப்ட்டா இருக்கா" என்று கேட்டிருப்பீர்கள். பாட்டி ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார், ஏனென்றால் மெத்தென்றுதான் இருக்கிறது. பிடித்திருக்கிறதா என்பது அந்தக் கேள்விக்குள் வரவே இல்லை. அடுத்த முறை நாலைந்து பிடிகளைத் துணிப்பைக்குள் போட்டுக் கண்ணால் பார்க்காமல் கைவிட்டுத் தொடச் சொல்லுங்கள். அவராக எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் இது எதைப் போல இருக்கிறது என்று கேளுங்கள். இந்தக் கை இதுவரை என்ன வேலை செய்தது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இனம் என்ற கட்டத்தில் டிக் அடிப்பதைவிட அது உங்களுக்கு உதவும்.

---

சிப்புட்_பட்டறை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வாத்தியார் சொன்னபடி துணிப்பை வைத்துச் செய்தேன். ஐந்து பிடிகள். என் பழைய டிபிஇ, சைக்கிள் டியூப் சுற்றியது (ஐயா, உங்களுக்காக, அப்பாவின் பெட்டியில் இருந்த டியூப்), எவர்சில்வர் குழாய், நுரைப்பஞ்சு, மரம். கோவில் மண்டபத்தில் அன்னதானம் முடிந்ததும் பெரியவர்களைச் சுற்றி உட்காரவைத்துக் கேட்டேன். டிபிஇக்கு வந்த சொற்கள்: பிசுபிசு, ஒட்டுது, ஒரு அம்மா "பல்லி" என்றார். சைக்கிள் டியூப்புக்கு: சொரசொர, "நல்ல பிடி", ஒரு ஐயா "உளி" என்று சொல்லிவிட்டுக் கையை வெளியே எடுக்கவே இல்லை. எவர்சில்வரைச் "சில்லுனு இருக்கு" என்றார்கள். பையில் இருந்த மற்றவற்றின் சூடுதான் அதற்கும், ஆனால் மரத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் பொருள் அது, கையின் சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும். சிலருக்கு அந்தச் சில்லிப்பு பிடித்திருந்தது, மூட்டு வலி உள்ளவர்களுக்குப் பிடிக்கவில்லை. நுரைப்பஞ்சை யாரும் மதிக்கவில்லை. "இது தாங்குமா?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மெத்தென்றிருந்தால் உறுதி இல்லை என்று கை முடிவு செய்துவிடுகிறது. இது எனக்குப் புதுப் பாடம்.

மரப்பிடிக்கு ரப்பர் மரப் பலகைதான் எடுத்தேன். மலிவு, இங்கே தச்சுப்பட்டறைகளில் கிடைக்கிறது. 25, 30 வருடத்தில் பால் குறைந்து வெட்டிச் சாய்க்கும் மரங்கள். ஒரு காலத்தில் விறகாகத்தான் போயின, 1980களிலிருந்து போரான் மருந்தில் ஊறவைத்துப் பூச்சி பிடிக்காமல் செய்து, நாற்காலியும் மேசையுமாக வெளிநாடு போகின்றன. வார்டு_அக்கா சொன்னபடி வளைத்துச் செய்தேன், முழங்கையில் மாட்டலாம். கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடிக்காமல், மெல்ல உப்புத்தாள் போட்டு, காய்ந்துவிடும் எண்ணெய் தேய்த்து இரண்டு நாள் உலர்த்தினேன். உயரத்தைப் பாட்டியின் மணிக்கட்டு மடிப்புக்கு வெட்டினேன். பழைய தடி இரண்டு அங்குலம் அதிகமாக இருந்தது.

மரம் என்னவென்று சொல்லாமல்தான் கொடுத்தேன். அது சரியா என்று எனக்கே உறுத்தலாக இருந்தது, ஆனால் முதலில் கை சொல்வதைக் கேட்க விரும்பினேன். பிடித்தார். இந்த முறை கைலியில் துடைக்கவில்லை. வாசலிலிருந்து கேட் வரைக்கும் போய்த் திரும்பினார். கதகதன்னு இருக்கு என்றார். அப்புறம் உட்கார்ந்து, "என்ன மரம் இது? வெளுப்பா இருக்கே" என்றார்.

பால்மரம் என்றேன்.

தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். "பால்மரத்தை அடுப்புல வெச்சுருக்கேன். இப்படி வழவழன்னு இருக்கும்னு தெரியாது" என்றார். கட்டைவிரல் நகத்தைப் பிடியின் இடப்பக்கம் மேலே வைத்து, வலப்பக்கம் கீழ்நோக்கி மெதுவாக இழுத்தார். வெட்டுக்கோடு போகிற அதே சரிவு. நடுவில் நிறுத்தி, "மரத்தைத் தொட்டுட்டேன்னு என் பேரை மூணு தரம் எழுதியிருக்காங்க" என்றார். மறுபடி இழுத்தார். நானும் பேசவில்லை. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, அது முடியும்வரை அந்தப் பிடியையே தடவிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கோவிலில் தடியை முழங்கையில் மாட்டிக்கொண்டு திருநீறு வாங்கினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

200 பிடிகளில் 40ஐச் சீனத் தாத்தா தம் நண்பர்களுக்குச் சொல்லி விற்றுத் தருகிறேன் என்றிருக்கிறார். மீதியைக் கைக்கு ஆகாமல் காலுக்கு ஆக்கலாமா என்று பார்க்கிறேன், குளியலறை மணைக்கு அடியில் வழுக்காமல் நிற்க. டிப்பிங்_லைன் தம்பி, ஈரத்தில், சோப்புத் தண்ணீரில் அது எத்தனை நாள் தாங்கும் என்று உங்களால் சொல்ல முடியுமா? இரண்டு பிடிகளைத் தைப்பிங்குக்குத் தபாலில் அனுப்புகிறேன்.